நாயனம் ஊதிய வாயில் சோப்ரானோ சாக்ஸ்: குழல் மாறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குத்தாலம் பக்கம் ஒரு தை மாதக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில், புதிதாக வாங்கிய சோப்ரானோ சாக்ஸபோனை முதன்முதலாக வெளியே எடுத்து ஊதினேன். கல்யாணி. விரல் தடங்காமல் ஓடியது. முடிந்ததும், பக்கத்தில் வாசித்த தவில்காரப் பெரியவர் விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, கையெல்லாம் சரியாத்தான் இருக்கு. சுருதிதான் உன்னைக் கேக்காமலே மேல ஏறிப் போவுது."

அப்போது எனக்கு நாயனத்தில் பதினைந்து வருஷம், கிளாரினெட்டில் நாலு வருஷம் பழக்கம். அதனாலேயே அவர் சொன்னது உறைத்தது. வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டேன். மேல் ஷட்ஜம் வரும்போதெல்லாம் சுருதிப் பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விரலுக்கு ஆறு மாதம் உழைத்திருந்தேன், வாய்க்கு ஒரு வாரம்கூடக் கொடுக்கவில்லை. கணக்கு தலைகீழாக இருந்திருக்க வேண்டும். வேறு குழல் தெரிந்தவருக்கு இந்தக் குழலின் விரலடி சீக்கிரமே வந்துவிடும். வாயும் காதும்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

திருவாரூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கங்களில் நாயனம், கிளாரினெட், புல்லாங்குழல் கற்றுவிட்டு இப்போது சோப்ரானோவைத் தொடுகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சுரம், தாளம், சரளி வரிசை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் குழலின் சுபாவம்

நாயனத்தின் உலவை, அதாவது மரக் குழலை நினைத்துப் பாருங்கள். சீவாளி என்ற ஊதும் நாணல் துண்டைச் செருகும் இடத்தில் ஒடுங்கி, அணசு என்ற கீழ் வாய்ப் பக்கம் விரிந்துகொண்டே போகும். சோப்ரானோ சாக்ஸின் உள்கூடும் அதே மாதிரிக் கூம்புதான். கூம்புக் குழலில் அதே விரலடியோடு மேலே தாவினால் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். கிளாரினெட்டின் உள்ளே பெரும்பகுதி நேர் உருளை. அது தாவினால் ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஒரு பஞ்சமமும் சேர்ந்து ஏறும். நீளமாக, நேராக இருப்பதால் கிளாரினெட்டும் நேர் சோப்ரானோவும் அண்ணன் தம்பி போலத் தோன்றும். உள்ளே பார்த்தால் சோப்ரானோவுக்கு நாயனம்தான் நெருங்கிய உறவு. நாயனக்காரர் இதைக் கையில் எடுத்ததும் வீட்டுக்கு வந்த மாதிரி உணர்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த உணர்வை ரொம்பவும் நம்பிவிடக் கூடாது, அது வேறு விஷயம்.

சாக்ஸபோனுக்கு பெல்ஜியக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பிரான்ஸில் காப்புரிமை வாங்கினார். அந்தக் குடும்பத்தில் சோப்ரானோ ஒரு சின்னப்பிள்ளை, சேட்டையும் அதற்குத்தான் அதிகம். ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே கிளாரினெட்டிலிருந்து இதற்கு வந்தவர். இன்னொரு ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் டெனார் சாக்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது 1960 வாக்கில் இதைக் கையில் எடுத்தார். ஆக, இந்தக் குழலுக்குப் பேர் வாங்கித் தந்தவர்களே நம்மைப் போல இடம் மாறி வந்தவர்கள்.

வாங்கும்போது

நேர் குழலா, வளைந்த குழலா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே சுருதி, ஒரே விரலடி. வளைந்ததைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டு ஊதலாம், வாசிப்பவர் காதுக்கு ஒலி நன்றாக வரும். நேர் குழல் முன்னால் பாயும். நாயனம் பிடித்த கைக்கு நேர் குழல் சட்டென்று ஒத்துப்போகும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

இணையத்தில் மலிவாகக் கிடைப்பதைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். சோப்ரானோ சின்னக் குழல். துளை இடம் மயிரிழை தப்பினாலும் சுருதி தப்பும். இதைவிடப் பெரிய ஆல்ட்டோ சாக்ஸில் பொறுத்துக்கொள்ளக்கூடிய தப்பு இதில் பொறுக்காது. புதிய மலிவுக் குழலைவிட, நல்ல கம்பெனியின் பழைய குழல் மேல். பழையது பார்க்கப் போகும்போது மெல்லிய டார்ச் ஒன்றோ, உள்ளே விடக்கூடிய சின்ன எல்.இ.டி. சரமோ எடுத்துப் போங்கள். இருட்டு அறையில் விளக்கைக் குழலுக்குள் விட்டு, ஒவ்வொரு கீயாக மெல்ல மூடிப் பாருங்கள். துளையை மூடும் மெத்தையான பேடின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் காற்றும் கசியும். என் முதல் குழலில் ஜி ஷார்ப் பேடு கசிந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் அதை ஃபெவிகாலில் ஒட்டிக் கொடுத்தார். அதைப் பிரித்தெடுக்கப் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். பேடு வேலையை சாக்ஸ் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். தஞ்சாவூரில் கிடைக்காவிட்டால் திருச்சி, சென்னை போனாலும் தவறில்லை.

கட்டைக் கணக்கு

சோப்ரானோ பி ஃபிளாட் குழல். நீங்கள் சி என்று விரல் வைத்தால் காதில் விழுவது பி ஃபிளாட், சி-யை 1 கட்டை என்று வைக்கும் நம் சுருதிக் கணக்கில் 6½ கட்டை. அதனால் எந்த சுருதிக்கும் ஒரு முழுச் சுரம் மேலே விரல் வைக்க வேண்டும். 1 கட்டைக்கு டி, 2 கட்டைக்கு ஈ, 2½ கட்டைக்கு எஃப், 4 கட்டைக்கு ஜி, 5 கட்டைக்கு ஏ. கோயில் திருவிழாவிலோ வேளாங்கண்ணிப் பக்கம் சர்ச் பாட்டுக் குழுவிலோ கீபோர்டுக்காரர் "சி மேஜர்" என்றால் உங்களுக்கு அது டி மேஜர்.

நம் பக்கத்து மேளத்துக்கு 2½ கட்டை தோதானது. எஃப் விரலடியை ஷட்ஜமாக வைத்தால் மந்தரத்தில் மத்யமம் வரை இறங்கலாம், மேலே தார ஸ்தாயி முழுதும் கிடைக்கும். இன்னொரு வசதியும் உண்டு: அந்த சுருதியில் கல்யாணிக்கு ஷார்ப், ஃபிளாட் ஒன்றுமே கிடையாது. கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் மாதிரி ஏழு சுரமும் நேராக விழும். குத்தாலத்தில் என் விரல் அப்படி ஓடியதற்கு என் திறமை காரணமில்லை என்று பிறகுதான் புரிந்தது. சங்கராபரணத்துக்கு மத்யமம் மட்டும் பி ஃபிளாட். மாயாமாளவகௌளையில் ரிஷபமும் தைவதமும் சேர்ந்து மாறும்.

புல்லாங்குழல்காரர்களுக்கு இந்தக் கணக்குதான் முதல் தலைவலி. அவர்கள் பையில் கட்டைக்கு ஒன்றாகக் குழல் இருக்கும், விரலடி எல்லாவற்றிலும் ஒன்றே. இங்கே குழல் ஒன்றே, விரலடிதான் மாறும். முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு கட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 5 கட்டையில் பழகியவர் ஏ-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளலாம். மந்தரத்தில் சுத்த ரிஷபம் வரை இறங்கும், மேலே பஞ்சமத்தைத் தாண்டியும் போகும். போதும்.

மௌத்பீஸ் மட்டும்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். ஒரு வாரம் முழுக்க இதையே செய்தாலும் சரி.

மௌத்பீஸில் கட்டும் நாணல் பட்டையான ரீடை வாயில் வைத்து ஈரமாக்குங்கள். சீவாளியை ஊறவைப்பதுபோல நெடுநேரம் வேண்டாம், ஒன்றிரண்டு நிமிஷம் போதும். ரீடின் தட்டையான பக்கம் மௌத்பீஸில் படிய வேண்டும். அதன் நுனி மௌத்பீஸ் நுனிக்கு ஒரு மயிரிழை கீழே நிற்க வேண்டும். ரீடை இறுக்கும் லிகேச்சரைத் திருகும்போது ரீடு நகராமல் கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எண் 2 அல்லது 2½ ரீடு போதும். சீவாளி ஊதிய நமக்கு 3½ வாங்கிப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம்.

உதட்டை எங்கே வைப்பது? ஒரு மெல்லிய தாளை ரீடுக்கும் மௌத்பீஸுக்கும் நடுவே நுனியிலிருந்து செருகுங்கள். தாள் மேலே போகாமல் நிற்கும் இடத்தில் ரீடில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு. கீழ் உதடு அந்தக் கோட்டின் மேல் உட்கார வேண்டும். கீழ்ப் பல்லை உதடு லேசாக மூடியிருக்கும். மேல் பல் மௌத்பீஸின் மேல் நேராகப் படும். நாயனக்காரருக்கு இது கொஞ்சம் அருவருப்பாக இருக்கும், சீவாளியில் பல் பட்டால் தொலைந்தோமே. பழகிவிடும். மௌத்பீஸ் மேல் ஒட்டும் சின்ன ரப்பர் துண்டு கடைகளில் கிடைக்கிறது, அதிர்வு பல்லில் ஏறாது. வாயின் இரு ஓரமும் "ஊ" சொல்வதுபோல உள்ளே கூட வேண்டும். "ஈ" என்று பக்கவாட்டில் இழுபடக் கூடாது.

இப்போது மௌத்பீஸை மட்டும் ஊதுங்கள், குழல் பக்கத்தில் படுத்திருக்கட்டும். போனில் ட்யூனரைத் திறந்து வையுங்கள், அல்லது சுருதிப் பெட்டியை 1 கட்டையில் வையுங்கள். சோப்ரானோ மௌத்பீஸ் தனியே ஊதினால் சி வர வேண்டும். அதாவது 1 கட்டை ஷட்ஜம், நல்ல உச்சத்தில். சி ஷார்ப்போ டி-யோ காட்டினால் கடிக்கிறீர்கள். பி, பி ஃபிளாட் என்று தொங்கினால் உதடு தளர்ந்திருக்கிறது. நான் முதன்முதலில் சோதித்தபோது டி-க்கும் மேலே காட்டியது. தவில்காரர் சொன்ன ஏற்றம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. குழலைப் பழித்துக்கொண்டு, ஏறும் சுருதியை இறக்க மௌத்பீஸைக் கார்க்கில் வெளியே இழுத்து இழுத்து வைத்திருந்தேன். அப்படி இழுத்தால் ஒரு சுரம் சேரும், மற்றவை ஆளுக்கொரு திசையில் போகும்.

சி நிலையாக நின்றபின் அடுத்த வேலை. உதட்டை அசைக்காமல் மேல் ஷட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமம் வரை வழுக்கி இறங்குங்கள். எப்படி என்று கேட்டால் நாக்கின் பின்பக்கமும் தொண்டையும் மாறுவதால்தான். உயர்ந்த சுரத்தைப் பாடும்போதும் தாழ்ந்த சுரத்தைப் பாடும்போதும் வாய்க்குள் நடக்கும் மாற்றம்தான் இது. முதல் இரண்டு நாள் வராது. மூன்றாம் நாள் திடீரென்று வழுக்கும். பிறகு ச நி த ப என்று தனித்தனியாக நிறுத்திப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு இது ஊளையிடுவதுபோலக் கேட்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் விடிகாலையில் ஊதியதற்குக் கொல்லையில் இருந்த நாய் பதில் சொன்னது.

நாயனத்திலிருந்து வருபவர்

நமக்குக் காற்று பலம் அதிகம். நீளமான, தாழ்ந்த சுருதிப் பாரி நாயனத்தை நிறுத்தி ஊதிய வயிறு, சோப்ரானோவைச் சும்மா ஒரு சின்னப் பொருளாக நினைக்கும். அந்த அழுத்தத்தை அப்படியே கொடுத்தால் ரீடு மூடிக்கொள்ளும், அல்லது கீச்சென்று கத்தும். காற்றின் அளவைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். சுடுகாபியை ஆற்ற உதடு குவித்து ஊதுகிறோமே, அது கொஞ்சம் நெருக்கம்.

சீவாளியை உதட்டால் கவ்வி, தளர்த்தி, இறுக்கித்தான் நாயனத்தில் பாதி சங்கீதம் நடக்கிறது. சுருதி சரிவதைச் சீவாளியில் பிடித்துவிடுவோம். அந்தக் கெட்டிக்கார உதடுதான் இங்கே முதல் எதிரி. ஒவ்வொரு சுரத்துக்கும் உதடு தனித்தனியாக வேலை செய்யப் பார்க்கும். இங்கே அது ஓரிடத்தில் அமைதியாக உட்கார வேண்டும், மேலே ஏறும்போது முக்கியமாக. இரண்டு மாதம் கழித்து, சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகத்துக்காக அதே உதட்டைத் திரும்பக் கூப்பிடலாம்.

நாக்கால் சுரத்தைப் பிரிக்கும் துத்துக்காரம் நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் நாக்கு படும் இடம் வேறு. சீவாளியில் நாக்கு நேரே முன்னால் போய் அடைக்கும். இங்கே ரீடு மௌத்பீஸின் அடிப்பக்கம் இருக்கிறது, நாக்கு நுனி அதன் விளிம்பைக் கீழிருந்து தொட்டு விலகினால் போதும். அடிக்க வேண்டாம்.

நம் ஊரில் குழலை மாற்றிக்கொள்வது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குட்டையான, உயர்ந்த சுருதித் திமிரி நாயனம் கோலோச்சிய காலத்தில், நாயன வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி சுத்த மத்யமம் சரியாக ஒலிக்கும் பாரி நாயனத்தை வடித்துக் கொடுத்தார். அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திமிரியிலிருந்து பாரிக்கு மாறியவர்களும் காற்றை மறுபடி அளந்து பழகித்தான் இருப்பார்கள்.

கிளாரினெட்டிலிருந்து வருபவர்

தஞ்சை மராட்டிய அரண்மனையில் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே மேனாட்டு பேண்டு இருந்தது. பிறகு பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரியிலும் கிளாரினெட் புகுந்தது. திருச்சியில் ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரிக் குழலாக உட்கார்த்தி, 2022-இல் பத்மஸ்ரீயும் வாங்கினார். ஆக நம் பக்கம் கிளாரினெட் கை நிறைய. அந்தக் கைக்கு நல்ல செய்தி: கிளாரினெட்டின் மேல் பகுதி விரலடி பெரும்பாலும் அப்படியே சாக்ஸில் செல்லும். அதுவே கீழ் ஸ்தாயிக்கும், ஒரு ஸ்தாயி மேலே தூக்கும் ஆக்டேவ் கீயை விட்டால் போதும். கிளாரினெட்டின் கீழ்ப் பகுதி விரலடியை மறந்துவிடுங்கள். துளையை விரலால் அடைக்கிற வேலையும் இல்லை, கீயை அழுத்தினால் பேடு அடைத்துக்கொள்ளும்.

கெட்ட செய்தி வாயில். கிளாரினெட்டுக்கு இழுத்துக் கட்டிய மோவாயும் இறுகிய உதடும் வேண்டும். அதோடு சோப்ரானோவை ஊதினால் கொசு பாடுவதுபோல ஒல்லியான ஒலிதான் வரும், சுருதியும் ஏறும். மௌத்பீஸ் சோதனை உங்களுக்காகவே ஏற்பட்டது. அப்புறம் பிடிக்கும் கோணம். கிளாரினெட்டை உடம்போடு ஒட்டித் தாழ்த்திப் பிடிப்போம். சோப்ரானோவை அப்படிப் பிடித்தால் மௌத்பீஸ் வாயில் தவறான சாய்வில் நுழையும். அணசுப் பக்கத்தை முன்னால் தூக்குங்கள். நாயனக்காரர் நிற்பதைப் பார்த்தாலே போதும்.

புல்லாங்குழலும் ஆல்ட்டோவும்

கும்பகோணத்தில் சரப சாஸ்திரி புல்லாங்குழல் ஊதிய வழியில் வருபவர்களுக்கு ரீடே புதிது. முதல் மாதம் கீழ் உதட்டின் உள்பக்கம் வலிக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறக்கி வையுங்கள். காற்று மிச்சமாகும், மூச்சை எங்கே விடுவது என்று தவிப்பீர்கள். துளையைப் பாதி திறந்து சுரத்தை நழுவவிடும் வித்தை இங்கே கிடையாது. அதற்கு மாற்று கமகப் பகுதியில் இருக்கிறது.

ஆல்ட்டோ ஊதியவருக்கு விரலடி ஒன்றே. கத்ரி கோபால்நாத் கர்நாடக சங்கீதத்துக்கு வசப்படுத்தியது ஆல்ட்டோதான், அதைக் கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர். ஆல்ட்டோ ஈ ஃபிளாட் குழல் என்பதால் 2½ கட்டை ஷட்ஜம் அதில் சி விரலடியில் வரும். இங்கே எஃப். இந்த இடமாற்றமும், இன்னும் சின்ன மௌத்பீஸும்தான் உங்கள் பாடு. ஆல்ட்டோ மௌத்பீஸ் தனியே ஊதினால் ஏ வரும், அந்தத் தளர்ச்சியோடு இங்கே வந்தால் சுருதி தொங்கும். ஊர் பூரா ஏற, நீங்கள் மட்டும் இறங்குவீர்கள்.

பிடிப்பு

நேர் சோப்ரானோ ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அது முழுக்க வலது கட்டைவிரலில் தொங்கும். ஸ்ட்ராப் போடும் வளையம் இருந்தால் தயங்காமல் போடுங்கள். இடது கட்டைவிரல் ஆக்டேவ் கீக்குப் பக்கத்திலேயே தங்கட்டும்.

அந்த ஒரு மேடு

சாக்ஸில் எல்லாருக்கும் இடறும் இடம் ஒன்று உண்டு. நடு சி-க்கு இடது நடுவிரல் மட்டும். அடுத்த டி-க்கு ஆறு விரலும் விழுந்து, ஆக்டேவ் கீயும் அழுந்த வேண்டும். 2½ கட்டையில் இது சரியாகப் பஞ்சமத்துக்கும் சதுஸ்ருதி தைவதத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. மோகனத்தில் "ப த" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் இந்த மேட்டை ஏறி இறங்க வேண்டும். ஒரு விரல் பிந்தினால் நடுவில் வேண்டாத சுரம் ஒன்று எட்டிப் பார்க்கும். டி பல குழல்களில் கொஞ்சம் ஏறியே நிற்கும், தொண்டையைத் திறந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

மாயாமாளவகௌளையில் வேறு வேடிக்கை. சுத்த தைவதம் நடு சி ஷார்ப், அதாவது ஒரு விரலும் வைக்காத சுரம். கை காற்றில் நிற்கும், ஒலியும் ஒல்லியாக நிலையில்லாமல் வரும். அதிலிருந்து நிஷாதத்துக்குப் போக ஐந்து விரலும் ஆக்டேவ் கீயும் ஒரே வீச்சில் விழ வேண்டும். "ப த நி ஸ, ஸ நி த ப" என்று இந்த நாலு சுரத்தை மட்டும் முதல் காலத்தில் நாளைக்கு ஐம்பது தடவை. அலுக்கும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கமகம்

கீ உள்ள குழலில் கமகம் வருமா என்பது பழைய சந்தேகம். வரும். ஆனால் வரும் வழி வேறு. சாக்ஸில் சுரத்தை வாயால் கீழே இறக்குவது சுலபம், மேலே ஏற்றுவது கஷ்டம். ஆகவே வழுக்கும் ஜாருவானாலும் அசைக்கும் கம்பிதமானாலும் மேல் சுரத்துக்கு விரல் வைத்து, தொண்டையால் கீழே இறக்கி, திரும்பப் போகவிடுங்கள். மௌத்பீஸில் பஞ்சமம் வரை வழுக்கியது இதற்காகத்தான். கீயைச் சட்டென்று அழுத்தாமல் மெல்ல மூடினாலும் சுரம் குழைந்து இறங்கும். இரண்டையும் சேர்த்தால் சுரத்துக்குச் சுரம் தாவுவது தெரியாது.

தோடியில் தொடங்காதீர்கள். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி காதில் ஒலிக்கிற ஊரில் இப்படிச் சொல்வது பாவம்தான். ஆனால் 2½ கட்டையில் தோடி காந்தாரம் ஜி ஷார்ப் கீயில், இடது சுண்டுவிரலில் போய் மாட்டுகிறது. அந்தச் சுண்டுவிரலால் காந்தாரத்தை அசைக்கிற அளவுக்கு வலு வர ஒரு வருஷமாகும். மோகனம், ஹம்சத்வனி, கல்யாணி என்று போங்கள். சங்கராபரணம் நின்றபின் தோடியின் பக்கம் பார்க்கலாம்.

முதல் மூன்று மாதம்

முதல் வாரம் மௌத்பீஸ் மட்டும். அடுத்த மூன்று வாரம் நீண்ட சுரங்கள், சுருதிப் பெட்டியோடு. ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், இந்த மூன்றும் போதும். ஒவ்வொன்றையும் மெதுவாகத் தொடங்கி, பெருக்கி, திரும்ப அடக்குங்கள். பெருக்கும்போது சுருதி எந்தப் பக்கம் நழுவுகிறது என்று கவனியுங்கள். ட்யூனர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதாதீர்கள். கண்ணை மூடி ஊதி, தம்புராவோடு சேர்ந்தது என்று தோன்றியபின் கண்ணைத் திறந்து சரிபாருங்கள். 1997-இல் அமெரிக்க சாக்ஸ் கலைஞர் கென்னி ஜி சாக்ஸபோனில் ஈ ஃபிளாட்டை 45 நிமிஷம் 47 நொடி விடாமல் பிடித்துச் சாதனை செய்தார், நம் கணக்கில் அது 2½ கட்டை ஷட்ஜம். மேளத்தில் ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கும் ஒத்து ஊதிப் பழகியவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. உங்களுக்கு இருபது நொடி போதும், அது ஆடாமல் நிற்கட்டும்.

இரண்டாம் மாதம் சரளி, ஜண்டை, மேலே சொன்ன மேடு. மூன்றாம் மாதம் தெரிந்த கீர்த்தனை ஒன்றை எடுத்து, பாதி வேகத்தில், சாகித்யத்தை மனதில் பாடிக்கொண்டே ஊதுங்கள். நாளைக்கு நாற்பது நிமிஷம், இரண்டு வேளையாகப் பிரித்து. உதடு மரத்துப்போனபின் ஊதினால் கடிக்கும் பழக்கம்தான் வளரும்.

மழை, வெற்றிலை, காபி

ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்க் காற்றே ஈரமாக இருக்கும். தோல் பேடு ஒட்டிக்கொள்ளும், ஜி ஷார்ப் முதலில் ஒட்டும். ஊதி முடித்ததும் துணி விட்டு இழுத்துத் துடையுங்கள். ஒட்டுகிற பேடுக்கும் துளைக்கும் நடுவே சிகரெட் தாளை வைத்து மூடி எடுங்கள். ரீடை மௌத்பீஸிலேயே விட்டுவைத்தால் பூஞ்சை பூக்கும். தண்ணீரில் அலசி, துடைத்து, தட்டையான டப்பாவில் வையுங்கள். நாயனத்தில் சீவாளிக் கொத்து தொங்குவதுபோல மூன்று நாலு ரீடு எப்போதும் பழக்கத்தில் இருக்கட்டும், நாளுக்கு ஒன்றாக மாற்றுங்கள்.

கும்பகோணம் வெற்றிலையும் டிகிரி காபியும் இல்லாமல் கச்சேரியா என்பீர்கள். ஊதி முடித்தபின் இரண்டும் உங்கள் இஷ்டம். முன்னால் என்றால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுக் குழலைத் தொடுங்கள். சர்க்கரை ஏறிய பேடை எந்தத் தாளும் காப்பாற்றாது. வெற்றிலை எச்சில் பட்ட ரீடு இரண்டு நாளில் சிவந்து செத்துவிடும்.

மேளத்தோடு

வெளியே ஊதும்போது குழலின் சூடு சுருதியை மாற்றும். மார்கழி விடியலில் இறங்கி நிற்கும், சித்திரைப் பந்தலில் ஏறும். எல்லாக் கீயையும் மூடி, ஒலி வராமல் இரண்டு நிமிஷம் வெறும் மூச்சை உள்ளே விட்டுச் சூடேற்றியபின் சுருதி சேருங்கள். வெயிலில் பாயில் படுக்கவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். நாயனத்தோடு சேர்ந்து வாசிப்பதானால் நாயனம்தான் சுருதி. அது சீவாளிக்குத் தக்கபடி கொஞ்சம் ஏறி இறங்கி நிற்கும், நீங்கள்தான் கார்க்கில் மௌத்பீஸை நகர்த்திச் சேர வேண்டும். பக்கத்தில் ஊதும் அண்ணனிடம் "கொஞ்சம் இறக்குங்கண்ணே" என்று கேட்டுவிடாதீர்கள்.

ஒரே கச்சேரியில் இரண்டு குழலும் எடுக்க வேண்டி வந்தால் சாக்ஸை முதலில் வாசித்துவிடுங்கள். நாயனம் ஊதி வீங்கிய உதட்டுக்கு அந்தச் சின்ன ரீடு இருப்பதே தெரியாது. நாயனத்தில் மல்லாரி ஊதித் தொடங்கித்தான் ஆக வேண்டிய கோயில் புறப்பாடானால், நடுவில் அரை மணியாவது தாளம் போட்டுக்கொண்டு நில்லுங்கள், அப்புறம் பெட்டியைத் திறங்கள்.